தாத்தாவின் ‘டைவர்’ வாட்ச்: ஓட வைக்கலாம்... புதுசாக்கலாமா?

“குடுத்துட்டுப் போங்க சார், புத்தம் புதுசா ஆக்கித் தர்றோம்!”

பழைய வாட்ச்சை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனால் இப்படி ஒரு உறுதிமொழி கிடைப்பது சகஜம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், 40, 50 வயதான டைவர் வாட்ச்சுகளில் பலவும் பாழாவது இந்த நல்லெண்ணத்தால்தான். ஓடாமல் கிடக்கும் வாட்ச்சை ஓட வைப்பது ஒரு வேலை. அதைப் புதுசுபோல மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவதைச் செய்வதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

பீரோவுக்குள் ஒரு சிங்கப்பூர்

புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா, இலங்கை, மலாயா என வணிகத்துக்குக் கப்பலேறிய நகரத்தார் வட்டாரம் இது. பின்னாளில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களும் இங்கே ஏராளம். விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்களின் பெட்டியில் கோடாலித் தைலம், சென்ட், டேப் ரெக்கார்டர் இருக்கும். கையில் ஒரு ஜப்பான் வாட்ச் மின்னும்.

அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை சாதாரண ஆட்டோமேட்டிக் வாட்ச்சுகள். சிலர் மட்டும் கொஞ்சம் கனமான, கறுப்பு டயல் வைத்த, சுற்றிலும் எண்கள் போட்ட வளையம் திரும்புகிற வாட்ச்சை வாங்கி வந்தார்கள். ‘தண்ணி போகாது’ என்பதுதான் அதன் பெருமை. அதுதான் டைவர் வாட்ச். இன்று அது பீரோ லாக்கரிலோ டிரங்குப் பெட்டியிலோ, செயின் அறுந்து, கண்ணாடி கீறி, நின்றுபோய்க் கிடக்கலாம்.

டைவர் வாட்ச் என்றால் என்ன?

கடலுக்கு அடியில் நீந்துபவருக்கு, எத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்பது உயிர்ப் பிரச்சினை. முதுகில் உள்ள காற்று தீர்வதற்குள் மேலே வந்தாக வேண்டும். அதற்காக 1953-ல் உருவானவைதான் பிளாங்பெய்ன் நிறுவனத்தின் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’, ரோலெக்ஸின் ‘சப்மரைனர்’ ஆகியவை. முன்னது பிரெஞ்சுக் கடற்படையின் நீச்சல் வீரர்களுக்காக வந்தது. 50 ஃபேதம் என்றால் சுமார் 91 மீட்டர் ஆழம்.

இருட்டிலும் தெரியும் பெரிய முள், ஒளிரும் புள்ளிகள், திருகி மூடும் சாவி, நிமிடத்தைக் குறித்துக்கொள்ள உதவும் சுழல் வளையம் (இதை பெசல் என்பார்கள்) ஆகியவை இதன் அடையாளங்கள். இன்று ‘டைவர்’ என்ற பெயருக்கு ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் ஆழத்தைத் தாங்க வேண்டும். சோதனையின்போது அறிவித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

ஜப்பானின் முதல் டைவர் வாட்ச்சை சீக்கோ 1965-ல் வெளியிட்டது. தாங்கும் ஆழம் 150 மீட்டர். அந்த வரிசையில் 1976 முதல் 1988 வரை வந்த 6309-7040, 6309-7049 மாடல்கள் உலகம் முழுக்க விற்றன. உருண்டு திரண்ட கேஸைப் பார்த்து, சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு வைத்த செல்லப்பெயர் ‘ஆமை’.

பின்மூடியில் இருக்கிறது பிறந்த மாதம்

உங்கள் வீட்டில் இருப்பது சீக்கோ என்றால் அதைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். கோடு போட்டுப் பிரித்திருப்பது மாடல் எண். அதில் முதல் நான்கு இலக்கங்கள் உள்ளே இருக்கும் மெஷினையும் அடுத்த நான்கு கேஸையும் குறிக்கும். ஆறு இலக்கத்தில் தனியாக இருப்பது வரிசை எண்.

வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த வருஷத்தின் கடைசி இலக்கம். இரண்டாவது இலக்கம் மாதம். அக்டோபருக்கு பூஜ்யம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அந்த மாதங்களின் ஆங்கில முதல் எழுத்து. உதாரணமாக, ஒரு 6309-ன் வரிசை எண் 05 என்று தொடங்கினால் அது 1980 மே மாதம் பிறந்தது. எந்தப் பத்தாண்டு என்பதை அந்த மாடல் விற்பனையில் இருந்த காலத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம். ‘சாவி குடுத்துப் பார்த்தேன், ஓடல’ என்று இந்த வாட்ச்சை ஓரங்கட்டியவர்கள் உண்டு. 6309 மெஷினுக்குச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது! கையில் கட்டி நடந்தால் உள்ளே ஒரு எடைத்தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். மெதுவாக இடம் வலமாகச் சில முறை ஆட்டிப் பாருங்கள். முள் நகர்ந்தால் சந்தோஷம். ஆனால், ‘ஓடுதே’ என்று அப்படியே கட்டிக்கொள்ளவும் கூடாது.

ஓடினாலும் ஏன் சர்வீஸ் தேவை?

மெக்கானிக்கல் வாட்ச் என்பது ஒரு சின்ன இயந்திரம். 6309-ல் ஒரு மணி நேரத்துக்கு 21,600 துடிப்பு. அதாவது, விநாடிக்கு ஆறு. நாள், கிழமை பார்க்காமல் உரசிக்கொண்டே இருக்கும் அந்தப் பற்சக்கரங்களுக்கு நடுவே இருப்பது துளித்துளியான எண்ணெய்தான். பல வருஷம் கிடந்தால் அது வற்றும், அல்லது பிசினாகும். தூசியும் சேர்ந்துகொண்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோலத்தான். ஆயில் மாற்றாத பைக்கை ஓட்டுவதைப் போன்றது இது. ஓடும், ஓட ஓட உள்ளே தேயும்.

எனவே, ‘பழசு அப்படியே இருக்கட்டும்’ என்று மெஷினைத் தொடாமல் விடுவது பாதுகாப்பு ஆகாது. முழுக்கப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, தேவைப்பட்டால் மெயின் ஸ்பிரிங்கை மாற்றி, டைம்கிராஃபர் என்ற கருவியில் வைத்து ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை விநாடி கூடுகிறது, குறைகிறது என்பதோடு, பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு வீச்சோடு ஆடுகிறது என்பதையும் அந்தக் கருவி காட்டும்.

மாற்றியே ஆக வேண்டிய இன்னொன்று ரப்பர் வளையங்கள். பின்மூடி, கண்ணாடி, சாவி என மூன்று இடத்திலும் தண்ணீரைத் தடுப்பவை இவைதான். காலப்போக்கில் கெட்டியாகி, வெடித்து, சில நேரம் தார்போல இளகிப் போகும். இவற்றைக் காப்பாற்றி வைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. அதேபோல, துருவையும் ‘பழமை’ என்று விட்டுவிடக் கூடாது. துரு பரவும். அதை எடுத்தே தீர வேண்டும்.

குடுமியான்மலையைப் பாலிஷ் போடலாமா?

மெஷினில் இவ்வளவு தாராளமாகக் கை வைக்கலாம் என்றால், டயலிலும் கேஸிலும் மட்டும் ஏன் கூடாது?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. நூற்றாண்டுகள் கடந்த எழுத்து. ‘பாறை பழசா, மங்கலா இருக்கு’ என்று ஒருவர் அதை இழைத்துப் பளபளப்பாக்கினால் என்ன ஆகும்? பாறை பளபளக்கும். எழுத்து இருக்காது. தமிழ்நாட்டில் சில கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் கற்சுவர் மீது மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தபோது, கல்வெட்டுகள் மழுங்குவதாக வரலாற்று ஆர்வலர்கள் எதிர்த்ததும் இதே காரணத்தால்தான். அழுக்கை மட்டும் எடுப்பது சுத்தம். மேற்பரப்பையே எடுப்பது இழப்பு.

வாட்ச்சும் அப்படித்தான். ஸ்பிரிங்கை மாற்றினால் அதேபோல இன்னொன்று கிடைக்கும். கேஸின் விளிம்பைத் தேய்த்துவிட்டால், போன உலோகம் போனதுதான். அசல் டயலின் மீது பெயின்ட் அடித்துவிட்டால், கம்பெனி அச்சடித்த எழுத்து திரும்பி வராது. இந்தத் திருப்ப முடியாமைதான் முக்கியம். சந்தேகம் வரும்போதெல்லாம், ‘இதைச் செஞ்ச பிறகு வேணாம்னு தோணினா பழையபடி மாத்த முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாது என்றால் நிறுத்திவிடுங்கள்.

எதைத் தொடலாம், எதை விடலாம்?

கேஸ்: முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். மெஷினைக் கழற்றிய பிறகு வெறும் கேஸை மட்டும்தான் இப்படிக் கழுவ வேண்டும். 6309 கேஸின் மேல்பக்கம் நுண்ணிய கோடுகளாக இழைத்தது, பக்கவாட்டு பளபளப்பானது. இரண்டும் சந்திக்கும் விளிம்பு கூர்மையாக இருக்கும். பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் இந்த வித்தியாசமே மறைந்து, நனைந்த சோப்புக்கட்டிபோல வழவழவென ஆகிவிடும். கீறல்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கண்ணாடி: பிளாஸ்டிக் ரகக் கண்ணாடி என்றால் மெல்லிய கீறலைப் பாலிஷ் பசை கொண்டு தேய்த்தே போக்கலாம். 6309 போன்றவற்றில் இருப்பது கடினமாக்கிய நிஜக் கண்ணாடி. அதைத் தேய்ப்பது சிரமம். நேரம் தெரியாத அளவுக்குக் கீறலோ, ஓரத்தில் விரிசலோ இருந்தால் மாற்றிவிடலாம். விரிசல் வழியாக ஈரம் உள்ளே போகும் என்பதால் இங்கே தயக்கம் தேவையில்லை.

டயல்: கை வைக்கவே வைக்காதீர்கள். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தாலும் அச்செழுத்து கையோடு வந்துவிடலாம். தளர்வான தூசியை ஊதுகுழலால் ஊதினால் போதும். கறுப்பு டயல் காப்பி நிறத்துக்குப் பழுத்திருந்தால் அது குறையல்ல. அதற்காகவே தேடி வாங்குபவர்கள் உண்டு.

முள், ஒளிரும் பூச்சு: வெள்ளையாக இருந்த பூச்சு பல வருஷத்தில் மஞ்சளாகி, நெய் நிறத்துக்கு வரும். அது உதிர ஆரம்பித்தால் ஆபத்து. உதிர்ந்த துகள் மெஷினுக்குள் விழுந்தால் வாட்ச் நின்றுவிடும். அப்போது பூச்சை முழுக்கச் சுரண்டாமல், இருப்பதைப் பசை கொடுத்து இறுக்கலாம். உதிர்ந்துபோன இடத்தை மட்டும் பழைய நிறத்துக்கு ஏற்ற பூச்சால் நிரப்பலாம். முள்ளில் பளீர் வெள்ளையும் டயலில் மஞ்சளுமாக இருந்தால், வெள்ளை வேட்டியில் ஒட்டுப்போட்ட மாதிரி உறுத்தும்.

பெசல் வளையம்: அலுமினிய வளையத்தின் நிறம் வெயிலில் வெளிறும். கறுப்பு சாம்பலாகும், நீலம் மேகநிறமாகும். எந்த இரண்டு வாட்ச்சும் ஒரே மாதிரி வெளிறாது. வெளியே வேலை செய்தவரின் வாட்ச்சா, உள்ளே இருந்தவரின் வாட்ச்சா என்பதைக்கூட அது சொல்லும்.

‘ரீடயல்’ என்னும் பொறி

சரி, டயல் நாசமாகிவிட்டது என்றால்? இந்தியாவில் இதற்குப் பல காலமாக ஒரு சுலப வழி இருக்கிறது. பழைய டயலைச் சுரண்டிவிட்டு, புதிதாகப் பெயின்ட் அடித்து, பெயரை அச்சடித்துவிடுவார்கள். இதுதான் ரீடயல். ஃபாவ்ர் லூபா, எச்எம்டி, சீக்கோ 5 என இந்தியர்களின் கையில் அதிகம் இருந்த வாட்ச்சுகள் இப்படி ஆயிரம் நிறத்தில் மறுபிறவி எடுத்து ஆன்லைனில் விற்பனைக்கு வருகின்றன. கம்பெனி ஒருபோதும் தயாரிக்காத ஆரஞ்சு, கிளிப்பச்சை டயல்கள்கூட உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைக் கேலியாக ‘மும்பை ஸ்பெஷல்’ என்பார்கள்.

இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. ஃபாவ்ர் லூபா 1960-களிலேயே ‘டீப் புளூ’ என்ற டைவர் வாட்ச்சையும், ஆழத்தை முள்ளிலேயே காட்டும் ‘பேத்தி’ என்ற வாட்ச்சையும் செய்த சுவிஸ் கம்பெனி. இந்தியாவோடு நூறாண்டுக்கும் மேலான வணிக உறவு கொண்டது. 2011-ல் டைட்டன் நிறுவனமே அதை வாங்கியது, பின்னர் விற்றது. அப்படியொரு பெயருள்ள வாட்ச்சின் அசல் டயலை அழித்துவிட்டு, பளபளப்பான பொம்மை டயல் போட்டால் மிஞ்சுவது என்ன?

ரீடயலைக் கண்டுபிடிக்கச் சில வழிகள்: எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நிமிடக் கோடுகள் குறியீடுகளோடு நேராக நிற்காது. டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய எண் காணாமல் போயிருக்கும். இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. புது டயலையும் முள்ளையும் டீ டிகாஷன், காப்பித்தூள், சூடு எல்லாம் காட்டி ‘பழுக்க’ வைத்து விற்பார்கள். அசல் முதுமை சீராக இருக்காது. வெளிச்சமும் ஈரமும் பட்ட இடத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி இருக்கும்.

தண்ணீர் புகுந்து டயல் முழுக்க அரித்துப்போன வாட்ச்சுக்கு வேறு டயல் போடுவது தப்பில்லை. அதே மாடலின் அசல் பழைய டயல் கிடைக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். எது போட்டாலும், நாளை விற்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

தேய்மானத்துக்கும் விலை உண்டு

1979-ல் வெளியான ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் மார்லன் பிராண்டோ கட்டியிருந்தது ஒரு ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர். அதன் பெசல் வளையத்தையே அவர் கழற்றிவிட்டார். பின்மூடியில் தன் பெயரைக் கையால் கீறி வைத்தார். கடைக்காரர் கணக்கில் அது வளையம் போன, கிறுக்கல் விழுந்த வாட்ச். 2019 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 19.5 லட்சம் டாலருக்குப் போனது. யாராவது அன்பு மிகுதியில் புது வளையம் மாட்டி, பின்மூடியைப் பாலிஷ் செய்திருந்தால்?

அதே படத்தில் மார்ட்டின் ஷீன் கட்டியிருந்தது சீக்கோவின் 6105 டைவர். அந்த மாடலுக்கு இன்றும் தனி மவுசு.

பொன்னமராவதி பீரோவில் இருக்கும் வாட்ச் கோடிக்குப் போகாது. ஆனால் கணக்கு ஒன்றுதான். சிங்கப்பூர் கட்டுமானத் தளத்தில் சுவரில் இடித்த தழும்பு, பின்மூடியில் யாரோ கீறிய முதலெழுத்து... அந்தக் குடும்பத்தில் ஒருவர் அங்கே வேலை பார்த்ததற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி சில நேரம் அது மட்டும்தான்.

ரேடியம்: இங்கே மட்டும் எச்சரிக்கை

பழைய வாட்ச்சில் ஒரே ஒரு நிஜமான உடல்நல ஆபத்து இருக்கிறது. 1960-கள் வரை பல கம்பெனிகள் ஒளிரும் பூச்சில் ரேடியம் கலந்தன. 1920-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இந்தப் பூச்சைப் பூசிய பெண்கள், பிரஷ் முனையைக் கூராக்க உதட்டில் வைத்ததால் நோய்வாய்ப்பட்டு இறந்தது வரலாறு.

‘இப்பதான் ஒளிரவே இல்லையே’ என்று நினைக்க வேண்டாம். மங்கிப்போவது ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்பைடுதான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். மூடிய கேஸுக்குள் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. வீட்டில் திறந்து சுரண்டி, அந்தத் தூளைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. டயலின் அடியில் ஆங்கில ‘டி’ எழுத்து தனியாகப் போட்டிருந்தால், பெரும்பாலும் பிறகு வந்த டிரிட்டியம் பூச்சு. அதன் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். 1960-களின் நடுப்பகுதிக்கு முந்தைய வாட்ச் என்றால், ‘ரேடியமா இருக்கலாம்’ என்று ரிப்பேர் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

பேட்டரி வாட்ச்சுகள் வந்த பிறகு மெக்கானிக்கல் வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஊரில் நல்ல கை உள்ள பெரியவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் பல கடைகளில், வாடிக்கையாளர் வாய் திறக்காவிட்டால் பாலிஷ் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை என்ற பழக்கம் இருக்கிறது. அதனால் கொடுக்கும்போதே தெளிவாகப் பேசிவிட வேண்டும். இப்படிச் சொல்லலாம்:

“அண்ணே, மெஷினை முழுசாப் பிரிச்சு சர்வீஸ் பண்ணுங்க. ரப்பர் எல்லாம் புதுசு போடுங்க. டயலைத் தொட வேணாம், கேஸுக்கு பாலிஷ் வேணாம். ஏதாவது மாத்தணும்னா முதல்ல ஒரு போன் அடிங்க. கழட்டின பழைய பார்ட்ஸ் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் குடுத்துடுங்க.”

கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். பழைய முள், பழைய வளையம், கீறல் விழுந்த கண்ணாடி எல்லாம் கையில் இருந்தால் என்றைக்கும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் டயல், பின்மூடி, நான்கு பக்கம் என போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிக்கொள்ளும்போது...

* ‘150 மீட்டர்’ என்று எழுதியிருந்தாலும் குளம், கிணறு, ஷவர் எதுவும் வேண்டாம். புது ரப்பர் போட்டு அழுத்தச் சோதனையில் தேறினாலும், 40 வருஷக் கேஸின் உள்ளே அரிப்பு இருக்கக்கூடும். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் பரவாயில்லை.

* இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்துக்கொண்டிருக்கும், உடைய வாய்ப்புண்டு.

* திடீரென்று நிமிடக்கணக்கில் வேகமாக ஓடினால் பதற வேண்டாம். ஸ்பீக்கர் காந்தம் பட்டிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வேலைதான்.

* செயினில் தேய்மானம் இருந்தால் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, தினசரிக்கு வேறு ஸ்ட்ராப் போடலாம். பின் அறுந்து வாட்ச் கீழே விழுவதைவிட அது மேல்.

* யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருஷம், முதல் சம்பளத்திலா, கல்யாணத்துக்கா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, கழற்றிய பார்ட்ஸ் கவரோடு வைத்துவிடுங்கள். மெஷினை இன்னும் 20 வருஷம் கழித்தும் யாராவது சரிசெய்துவிடுவார்கள். அந்த விவரத்தைச் சொல்ல அப்போது ஆள் இருப்பார்களா என்பதுதான் கேள்வி.